நைல்ஸ்வ்லே சவானா: எந்தச் செடி எங்கே, ஏன் அங்கே? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில், பிரிட்டோரியாவுக்கு வடக்கே, நைல்ஸ்வ்லே இயற்கைக் காப்பகம் இருக்கிறது. பரப்பு சுமார் 4,000 ஹெக்டேர்தான். யானையும் சிங்கமும் தேடிப் போகிறவர்கள் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போய்விடுவார்கள். ஆனால் சவானா எப்படி இயங்குகிறது என்று இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பெரிய பங்கு இந்தச் சின்ன இடத்தில் மண்ணைத் தோண்டியும் இலையை எடை போட்டும் கற்றது. 1974இல் தொடங்கிய சவானா ஆய்வுத் திட்டம் இங்கே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இந்தக் காப்பகத்தின் செடிகொடிகளைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சவானா என்பது காடா, புல்வெளியா?

இரண்டும் இல்லை. தரையில் இடைவிடாத புல், அதன் மேலே விட்டுவிட்டு நிற்கும் மரங்கள், வருடத்தில் பாதி மழை, பாதி வறட்சி. இந்த மூன்றும் சேர்ந்தால் சவானா. மரங்கள் நெருங்கி நிற்கிற இடத்தை மரச்சவானா என்கிறோம். அங்கேயும் கிளைகள் கூரைபோல மூடிக்கொள்வதில்லை. வெயில் தரைவரை இறங்கும், அதனால் புல் பிழைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சவானா என்பது காடு அழிந்ததால் மிஞ்சிய நிலம் இல்லை. சூடும் வெயிலும் பிடித்த புல்வகைகள் 60 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் பரவிவிட்டன. மனிதன் கோடரி பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது தன் போக்கில் இருக்கும் நிலம்.

‘தாவரக் கூட்டம்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரே மாதிரி மண்ணும் ஈரமும் உள்ள இடங்களில் திரும்பத் திரும்பச் சேர்ந்தே காணப்படும் செடிகளின் தொகுதியை. ஒரு மரத்தைப் பார்த்ததும் அதன் அடியில் என்ன புல், பக்கத்தில் என்ன புதர் என்று ஓரளவு சொல்லிவிட முடிந்தால் அது ஒரு கூட்டம்.

நமக்கு இது புதிதல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்துக்கே செடியின் பெயரை வைத்த மொழி நம்முடையது. தாவரவியலாளர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். நைல்ஸ்வ்லேயின் தாவரக் கூட்டங்களை வகைப்படுத்தி 1976இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் மணல் நிலத்துச் சவானாவுக்கு, அங்கே ஓங்கி நிற்கும் ஒரு புல்லையும் ஒரு மரத்தையும் இணைத்தே பெயர் வைத்தார்கள்: எராகிராஸ்டிஸ் பேலன்ஸ் – பர்க்கியா ஆப்பிரிக்கானா மரச்சவானா. நாக்கு சுளுக்கும் பெயர்தான். ஆனால் அந்த இரண்டு பெயரும் தெரிந்தால் மண் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அப்படியானால் காப்பகத்தில் எத்தனை வகை வாழிடங்கள்?

நுணுக்கமாகப் பிரித்தால் நிறைய வரும். நடந்து பார்க்கிறவர் கண்ணுக்கு நான்கு போதும். மணல் மேட்டில் அகன்ற இலை மரங்கள். அதன் நடுவே அங்கங்கே திட்டுத்திட்டாக முள்மரங்கள். பாறைக் குன்றுகளில், வெடிப்புகளுக்குள் வேரை நுழைத்துக்கொண்டு வாழும் மரங்கள். தாழ்வில் கரிய களிமண் பூமியும், நைல் என்ற சிற்றாறு பரந்து தேங்கும் வெள்ளச் சமவெளியும்.

(ஆமாம், நைல்தான். 19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்த வெள்ளையர் குடியேறிகள், வடக்கு நோக்கி ஓடிய இந்த ஆற்றை எகிப்து நைலின் தொடக்கம் என்று நம்பினார்களாம். பெயர் அப்படியே நின்றுவிட்டது. ‘வ்லே’ என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் சதுப்பு.)

மணல் மேட்டில் என்னென்ன வளர்கிறது?

வாட்டர்பெர்க் மலையின் மணற்கல் சிதைந்து உண்டான மண் அது. விரல் இடுக்கில் ஒட்டாமல் உதிரும். மழை பெய்தால் சட்டென்று இறங்கிவிடும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகக் குறைவு.

இந்த ஏழை மண்ணின் நாயகன் பர்க்கியா. அதன் இளங்கிளையின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். செம்பழுப்பு நிற வெல்வெட் துணிபோல இருக்கும். மற்ற மரங்களிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த ஒரு அடையாளமே போதும். அதன் பக்கத்திலேயே நம் மருது, கடுக்காய் மரங்களின் பேரினத்தைச் சேர்ந்த டெர்மினாலியா செரிசியா நிற்கும். இலை முழுக்கப் பட்டுமயிர் படர்ந்து, காற்றில் புரளும்போது மரமே வெள்ளியாக மின்னும். மணலுக்கு அடியில் களிமண் அடுக்கு இருந்து, இறங்கிய நீர் அதன் மேல் தேங்கிக் கசியும் இடங்களில் இந்த மரம் வரிசை கட்டி நிற்பது தென்னாப்பிரிக்கச் சவானாக்கள் பலவற்றில் காணும் காட்சி. கிணறு தோண்டாமலே நிலத்தடியைப் படித்துக் காட்டும் மரம் என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, சங்கப் பாடல்களில் வரும் செருந்தியின் உறவான ஓக்னா புல்க்ரா. பட்டை மெல்லிய தாளாக உரிந்து, உள்ளே வெண்ணெய் நிறத்தில் வழவழப்பான தண்டு தெரியும். கிளை சுலபமாக முறியும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதற்கு வழங்கும் பெயரே ‘நன்றாக முறிவது’ என்ற பொருளில்தான்.

புல்லில் எராகிராஸ்டிஸ் பேலன்ஸ். விறைப்பான புல். இதில் துடைப்பம் கட்டுவார்கள், மாடு விரும்பித் தின்னாது. சத்தில்லாத மண்ணில் சத்தில்லாத புல். இங்கே இலை தின்பதில் பெரிய ஆள், மான்களைவிட, ஒரு புழுதான். சில ஆண்டுகளில் சிரினா ஃபோர்டா என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகி, பர்க்கியா மரங்களை ஓர் இலைகூட விடாமல் மொட்டையாக்கிவிடும். மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.

நடுவே திடீரென்று முள்மரங்கள் வருகின்றனவே, அது எப்படி?

நைல்ஸ்வ்லே பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

பர்க்கியாக்களின் நடுவே நடந்துகொண்டிருக்கும்போது, சில அடிகளில் எல்லாம் மாறிவிடும். அகன்ற இலைகள் போய், சீப்புப் பல்லாய்ப் பிரிந்த சிற்றிலைகள். உயர்ந்த விறைப்புப் புல் போய், மேய்ந்து கட்டையான புல். மரங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று குடை விரித்தாற்போல் நிற்கும் வச்செல்லியா டார்ட்டிலிஸ். இன்னொன்று வச்செல்லியா நிலோட்டிகா, அதாவது நம் கருவேலம். அதே இனம்தான், ஆப்பிரிக்கத் துணைவகை. கரிய பட்டையும் மஞ்சள் உருண்டைப் பூவும் பார்த்ததும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

மழை இரண்டு பக்கமும் ஒன்றுதான். அடிப்பாறையும் வேறில்லை. பின்னே எது வேறு? மேல் மண். முள்மரத் திட்டின் மண்ணில் மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பக்கத்து மணலைவிட மிக அதிகம். இந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அந்த இடங்கள் ஒரு காலத்தில் த்ஸ்வானா மக்களின் ஊர்களாக இருந்தது தெரியவந்தது. 1990இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

நினைத்துப் பாருங்கள். காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சுற்றுவட்டாரமெல்லாம் மேய்க்கிறார்கள். மாலையில் பட்டிக்குள் அடைக்கிறார்கள். பல மைல் பரப்பில் சிதறிக் கிடந்த சத்து, புல்லாகி, மாட்டின் வயிற்றுக்குள் போய், சாணமாகி, ஒரே இடத்தில் குவிகிறது. அதோடு அடுப்புச் சாம்பல், எலும்பு, குப்பை. அந்த மாடுகள் தின்ற முள்மரக் காய்களின் விதைகளும் சாணத்தில் வந்திருக்கும். ஊர் காலியான பிறகு குடிசை மக்கிப் போயிற்று, பட்டி வேலி மக்கிப் போயிற்று, மண்ணில் ஏறிய சத்து மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது இன்னும் அழகு. சத்துள்ள மண்ணில் சத்துள்ள புல் வளரும். அதைத் தேடி இம்பாலா மான்கள் வரும். அங்கேயே படுத்து அசைபோட்டு அங்கேயே புழுக்கையும் போடும். மாடு செய்த வேலையை மான் தொடர்கிறது. பட்டி போட்டவர்கள் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் அந்தத் திட்டு பக்கத்து மணலோடு கலந்துவிடவில்லை.

இதே கதை பக்கத்து நாடான போட்ஸ்வானாவிலும் உண்டு. கிழக்கு போட்ஸ்வானாவில் இரும்புக்கால ஊர்களின் சாணக்குவியல்கள் மேல் கொழுக்கட்டைப் புல் அடர்ந்து வளர்ந்து, வானிலிருந்து எடுத்த படங்களில் வெளிறிய திட்டாகத் தெரியும். 1970களில் தொல்லியலாளர்கள் அந்தத் திட்டுகளை வைத்தே பழைய ஊர்களைக் கண்டுபிடித்தார்கள். புல்லைப் பார்த்து ஊரைக் கண்டவர்கள்.

‘மனிதன் கைபடாத ஆப்பிரிக்கக் காடு’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இங்கே மிக வளமான மூலை, மான் அதிகம் மேயும் மூலை, ஒரு ஊரின் மாட்டுப் பட்டி.

ஒரு பக்கம் ஏன் முள், மறு பக்கம் ஏன் முள் இல்லை?

சத்துள்ள மண்ணில் வளரும் மரத்துக்கு இலை போனால் மறுபடி விடுவது கஷ்டமில்லை. கடிப்பவர் வேகத்தைக் குறைத்தால் போதும். அதற்குத்தான் முள். டார்ட்டிலிஸ் கிளை ஒன்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரல் நீளத்துக்கு நேராக நீட்டிய வெள்ளை முள் ஒரு ஜோடி, அதற்கு அடுத்த கணுவில் பின்னோக்கி வளைந்த கொக்கி முள் ஒரு ஜோடி. நேர் முள் குத்தும், கொக்கி முள் பிடித்து வைக்கும். மான் ஒவ்வொரு இலையாகக் கொறிக்க வேண்டியதுதான்.

ஏழை மண்ணில் கதை வேறு. அங்கே ஓர் இலை என்பது பெரிய முதலீடு. அதை இழக்கக் கூடாது. வெயில் தாராளமாகக் கிடைப்பதால் மாவுச்சத்துக்கு மட்டும் குறைவில்லை. அதை வைத்து இலைக்குள் துவர்ப்புப் பொருளான டானினை நிரப்பிக்கொள்கிறது மரம். 1980களில் நைல்ஸ்வ்லேயில் கூடு (kudu) என்ற மான், இம்பாலா, வெள்ளாடு ஆகியவை எதைத் தின்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று கூடவே நடந்து குறித்தார்கள். இலையில் அடர்டானின் என்ற டானின் வகை 5 சதவீதத்துக்கு மேல் இருந்த மரங்களை மழைக்காலத்தில் அவை தீண்டவில்லை. வறட்சியில் வேறு வழியில்லாதபோதுதான் அவற்றில் சிலவற்றுக்கு இறங்கி வந்தன.

புல்லும் மரமும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போடாதா?

போடும். புல்லின் வேர் மேலே, மரத்தின் வேர் ஆழத்தில், ஆகவே சண்டை இல்லை என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகத்துக்கு ஏற்ற அழகான விளக்கம். நைல்ஸ்வ்லே மணலைத் தோண்டிப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இல்லை. மர வேர்களும் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே அகலப் பரவி, புல் வேரோடு பின்னிக் கிடந்தன. சத்து மேல் மண்ணில்தானே இருக்கிறது.

பங்கு பிரிப்பு ஆழத்தைவிட நேரத்தில் அதிகம் நடக்கிறது. மரம் முந்தைய ஆண்டு சேமித்ததை வைத்து, முதல் மழைக்கு முன்பே செப்டம்பரில் துளிர்த்துவிடும். மழை விழும்போது அதன் இலை தயார். புல் அந்த மழையைப் பார்த்துத்தான் முளைக்கத் தொடங்கும். அந்தச் சில வாரங்கள் மரத்தின் காலம். அப்புறம் புல் எழுந்துவிட்டால் மேல் மண் ஈரத்தில் பெரும்பகுதி அதற்கு.

மழை அதிகமானால் இது காடாகிவிடுமா?

2005இல், ஆப்பிரிக்கா முழுவதிலும் 854 சவானா இடங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று ஓர் எல்லையைக் காட்டியது. ஆண்டு மழை சுமார் 650 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மரங்கள் மூடிக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீரே போதாது. அதற்கு மேல் போனால் மூடிக்கொள்ள முடியும். மூடாமல் வைத்திருப்பது தீயும் மேய்ச்சலும். நைல்ஸ்வ்லேயில் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. சொச்சம், பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை. அதாவது எல்லைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நல்ல மழை ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் மரத்தின் கை ஓங்கும்.

தீ வைப்பது அழிவு இல்லையா?

குளிர்காலத்தில் காய்ந்த புல் எரியும்போது பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் புல்லின் வளர்நுனி தரையோடு ஒட்டியிருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு மூன்று மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்ட மரத்துக்கும் பெரும்பாலும் ஆபத்தில்லை. அடிபடுவது நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன மரங்கள்தான். அவையும் சாவதில்லை. மேலே கருகும், அடியிலிருந்து மறுபடி கிளைக்கும். நெஞ்சளவு உயரத்தில் நிற்கும் ஓக்னாவைப் பார்த்து இளங்கன்று என்று நினைத்துவிடாதீர்கள். எரிந்து எரிந்து எழுந்து, வேரில் அதைவிடப் பல மடங்கு வயதான செடியாக அது இருக்கலாம்.

மாடுகளைக் கொல்லும் செடி இங்கே இருப்பது உண்மையா?

உண்மை. டைகாபெட்டாலம் சைமோசம். ஆப்பிரிக்கான்ஸில் கிஃப்பிளார், நச்சிலை என்று அர்த்தம். மேலே பார்த்தால் கணுக்கால் உயரத்தில் நாலைந்து இலைக்கொத்துகள். அடியில் ஒரு மரமே படுத்திருக்கிறது. தண்டும் கிளையும் மணலுக்குள் பரவி, நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. தீயும் பனியும் தொட முடியாத இடத்தில் உடம்பை வைத்துக்கொண்ட மரம்.

புல் எழுவதற்கு முன்பே வசந்தத்தில் பச்சையாகத் துளிர்ப்பதுதான் ஆபத்து. பசித்த மாடு அதைத்தான் முதலில் கடிக்கும். இலையில் உள்ள ஃபுளோரோ அசிட்டேட் இதயத்தை நிறுத்திவிடும். 1940களில் இந்தச் செடியிலிருந்துதான் அந்த நஞ்சை முதலில் பிரித்தெடுத்தார்கள். ஓக்னாவின் இளந்தளிரும் பார்க்க இதுபோலவே இருக்கும் என்பதால் அடையாளம் முக்கியம். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நச்சிலையில் பக்க நரம்புகள் ஓரம்வரை போகாமல், முன்பே வளைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். விலங்குகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வெள்ளச் சமவெளியில் என்ன வளரும்?

மரம் அநேகமாக இல்லை. தண்ணீர் நின்றால் வேர் மூச்சுவிட முடியாது. வறண்டால் கரிய களிமண் சுருங்கி வெடித்து வேரை அறுக்கும். ஓரங்களில் வச்செல்லியா கரூ போன்ற முள்மரங்கள், உள்ளே முழுக்கப் புல். சில ஆண்டுகள் தொடர்ந்து வறண்டே கிடக்கும். நல்ல மழை ஆண்டில் நைல் தன் வாய்க்காலை இழந்து அகலமாகப் பரவும். அப்போது தண்ணீருக்கு மேல் தலை நீட்டுவது காட்டு நெல், ஒரைசா லாஞ்சிஸ்டாமினேட்டா. நீர்ப்பறவைகள் அந்தத் தாள்களுக்குள் கூடு கட்டும். 1998இல் இந்தச் சமவெளி ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

இந்த நெல் நம் தட்டுக்கும் தூரத்து உறவு. பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கும் எக்ஸ்ஏ21 என்ற மரபணு இந்த இனத்திலிருந்து நெற்பயிருக்கு வந்தது. ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் அறுக்கக்கூடிய சீனாவின் பல்லாண்டு நெல்லுக்கும் இதுவே ஒரு பெற்றோர்.

அகேசியா என்பதா, வச்செல்லியா என்பதா?

2005இல் வியன்னாவிலும் 2011இல் மெல்போர்னிலும் கூடிய தாவரவியல் மாநாடுகளின் முடிவுப்படி அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்க முள்மரங்கள் வச்செல்லியா, செனகாலியா என்று பிரிந்தன. பழைய நூல்களில் அகேசியா டார்ட்டிலிஸ் என்று பார்த்தால் அதே மரம்தான், குழம்ப வேண்டாம்.

புதர் மண்டுகிறது என்கிறார்களே, என்ன பிரச்சினை?

புல்லை மாடு அதிகம் மேய்ந்துவிட்டால் எரிய ஒன்றும் இருக்காது. தீ வராது. தப்பிய சிறு முள்செடிகள் ஒன்றாய் எழும். இதில் முன்னால் நிற்பது டைக்ரோஸ்டாக்கிஸ் சினெரியா, நம் ஊர் விடத்தலை. வெட்டினால் வேரிலிருந்து பத்தாகக் கிளைக்கும். உள்ளே நுழைய முடியாத முள்காடாகி, புல்லை நம்பிய உயிர்கள் வெளியேறிவிடும். மரம் கூடியது, சவானா குறைந்தது.

காலி இடங்களில் மரம் நடலாமே?

தயவுசெய்து வேண்டாம். இந்தக் கேள்வி நல்ல மனதோடுதான் வருகிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ‘காலி இடம்’ காலியாக இல்லை. வெயில் வேண்டும் புற்களும், மண்ணுக்கடியில் படுத்திருக்கும் நச்சிலை போன்ற மரங்களும், கிழங்குச் செடிகளும் அங்கே இருக்கின்றன. நிழல் விழுந்தால் அவை போய்விடும், திரும்பி வர வெகுகாலம் ஆகும். உண்மையில் வெட்டப்பட்ட காடுகள் இருக்கின்றன. கன்றுகளை அங்கே கொண்டுபோங்கள்.

எப்போது போனால் நன்றாகப் பார்க்கலாம்?

வெள்ளமும் பறவையும் வேண்டுமானால் மழைக்காலம், அதுவும் நல்ல மழை ஆண்டு. செடிகளுக்காகப் போகிறவர் என்றால் செப்டம்பர் கடைசி. புல் இன்னும் வைக்கோல் நிறத்தில் இருக்கும், முதல் மழை விழுந்திருக்காது. அந்தக் காய்ந்த நிலத்தின் நடுவே ஓக்னா செப்பு நிறத்தில் தளிர்விட்டு, சில நாட்களே நிற்கும் மஞ்சள் பூவைப் பூக்கும். சில வாரம் கழித்துப் போனால் பூ உதிர்ந்து, பூவின் அடியிலிருந்த புல்லிவட்டம் சிவந்து, அதில் கறுப்புக் கனி தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மணல் மேட்டிலிருந்து அடுத்த முள்திட்டுவரை தரையைப் பார்த்துக்கொண்டே நடங்கள். உயர்ந்த புல் எங்கே நின்று கட்டைப் புல் எங்கே தொடங்குகிறதோ, அங்கே யாரோ ஒருவரின் பட்டி வேலி இருந்திருக்கும்.